மறுகால் எப்போது பாய்ந்தது?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளங்கலை படித்தவர்களுக்குப் பாடத்திட்டத்தின் பகுதிகள் நினைவிருக்கும். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி மாணவர் தேர்ந்தெடுத்த முதன்மைப் பாடம். நான்காம் பகுதியை மாணவர்களும் பொருட்படுத்துவதில்லை, ஆசிரியர்களும் பொருட்படுத்துவதில்லை. சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, பிற துறை விருப்பப் பாடம் என்று வேறெங்கும் இடம் கிடைக்காதவையெல்லாம் அங்கேதான் ஒதுங்கியிருக்கும். மதுரையை ஒட்டியுள்ள எங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ‘கண்மாய்’ என்ற தாளை நாங்கள் தொடங்கியதும் அந்த ஒதுக்குப்புறத்தில்தான். வாரத்துக்கு 2 மணி நேரம், 2 கிரெடிட், எந்தத் துறை மாணவரும் சேரலாம் என்பது ஏற்பாடு. நடத்துபவர்கள் நான்கு பேர். தமிழ்த்துறையிலிருந்து நான், வரலாறு, பொருளியல், புவியியல் துறைகளிலிருந்து ஒவ்வொருவர்.

கண்மாயைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் காரணமில்லை. மதுரையில் நின்றுகொண்டு எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு கண்மாயின்மீதோ, கண்மாயாக இருந்த இடத்தின்மீதோதான் கால் படும். மாடக்குளம், தல்லாகுளம், உலகனேரி என்று ஊர்ப்பெயர்களிலேயே நீர் நிற்கிறது. மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளத்தில் இருக்கிறது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 முதல் உலகனேரியில் இயங்குகிறது. தினமும் அந்த வழியாகப் பேருந்தில் வரும் மாணவர்களிடம் முதல் வகுப்பில் இந்தப் பெயர்களை எழுதச் சொன்னால், எழுதி முடித்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. வடக்கே ஏரி எனப்படுவது எங்கள் பக்கத்தில் எழுத்தில் கண்மாய், பேச்சில் கம்மாய். ஒரு கண்மாய் நிரம்பினால் மிகுதி நீர், கரையில் அதற்கென்றே கட்டப்பட்ட கலுங்கு வழியாக வெளியேறும். அதைத்தான் மறுகால் பாய்தல் என்கிறோம். அந்த மறுகால் நீரே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. ஆகவே ஒரு கண்மாயைப் பற்றி மட்டும் தனியாகப் படிப்பது என்பது உண்மையில் முடியாத காரியம். ஒரு துறை மட்டும் தனியாக நின்று அதைப் படிக்க முடியாது என்பதும் பின்னால்தான் எங்களுக்கு உறைத்தது.

புதிய தாளுக்குப் பாடத்திட்டக் குழுவின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கான படிவத்தில் ‘கற்றல் விளைவுகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. இந்தத் தாளைப் படித்து முடித்த மாணவர் எதைச் செய்யும் திறன் பெறுவார் என்று ஐந்து வாக்கியங்களில் எழுத வேண்டும். வணிகவியலுக்கும் கணினி அறிவியலுக்கும் அது எளிது. கலைப்புலப் பாடம் ஒன்றுக்கு, அதுவும் சமூகப் பிரச்சினை ஒன்றைத் தொடுவதாகச் சொல்லிக்கொள்ளும் பாடத்துக்கு, அந்தக் கட்டம் ஒரு பொறி. குழுவில் இருந்த ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்: “பிரச்சினையைப் பத்திப் பேசிட்டு மட்டும் போயிருவீங்களா, ஏதாவது செய்வீங்களா?” நான் மிரண்டுபோய், “மாணவர்கள் ஒரு கண்மாயைத் தத்தெடுத்துச் சீரமைப்பர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒப்புதல் உடனே கிடைத்தது. அந்த வாக்கியத்துக்கான விலையை முதலாண்டு முழுவதும் கொடுத்தோம்.

கல்லூரியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊரின் கண்மாய் அது. ஊர்ப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் நாற்பது மாணவர்களோடு, அரிவாள், மண்வெட்டி, கையுறை, துணிப் பதாகை சகிதம் போய் இறங்கினோம். நீர் நிற்க வேண்டிய உட்பகுதியான உள்வாய் முழுவதும் சீமைக்கருவேலம். நாளிதழ்களைப் படிக்கும் எவருக்கும் சீமைக்கருவேலம் ஒரு வில்லன். ஆகவே அதை வெட்டுவதற்கு யாரிடமும் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பத்து மரங்கள்கூட விழுந்திருக்காது. கரைமேல் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் இறங்கி வந்தார். “ஏம்மா, யாரைக் கேட்டு வெட்டுறீக?” என்றார். அந்த மரங்கள் ஏலம் விடப்பட்டவை. கரிமூட்டம் போடும் ஒருவர் எடுத்திருந்தார். ஏலப் பணத்தில் ஒரு பங்கு ஊர்ப் பொதுக் காரியத்துக்குப் போகும் என்பதும், வெட்டுக் கூலியை நம்பி இரண்டு தெருக்கள் இருக்கின்றன என்பதும் அன்று மதியம் வரை கரையில் உட்கார்ந்து வசவு வாங்கியபோது நாங்கள் கற்றுக்கொண்டவை. வெட்டிய மரங்களுக்கு நால்வரும் சேர்ந்து பணம் கொடுத்தோம். பதாகையைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

2017-இல் வைகை அணையில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, அவை காற்றில் கரை ஒதுங்கிய காட்சியை மதுரைக்காரர்கள் மறக்கமாட்டார்கள். எங்கள் வகுப்பில் யாராவது அவசரப்பட்டு ‘தீர்வு’ என்று வாயெடுத்தால் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் “தெர்மாகோல்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சிரிப்போம். ஆனால் அந்தச் சனிக்கிழமை நாங்கள் கொண்டுபோனதும் தெர்மாகோல்தான் என்பதை நானே முதலில் ஒப்புக்கொண்டேன்.

மறு ஆண்டு கருவிகளைக் கல்லூரியிலேயே விட்டுவிட்டோம். பருவத்தின் முதல் பாதி முழுவதும் வாசிப்பு மட்டும் என்று முடிவு செய்தோம். தொடக்கம் புறநானூற்றின் 18ஆம் பாடல். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம், நீரும் நிலமும் சேரச் செய்தவரே உடம்பும் உயிரும் படைத்தவர் ஆவர் என்று சொல்லி நீர்நிலை அமைக்கச் சொல்லும் பாடல். அதில் ‘நிலன் நெளி மருங்கின் நீர்நிலை பெருகத் தட்டோர்’ என்று ஓர் அடி வரும். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாடலை நடத்தியிருக்கிறேன். ‘நெளி’ என்ற சொல்லுக்குக் குழிந்த இடம் என்று உரையில் உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அன்று என்னோடு வகுப்பில் இருந்த புவியியல் ஆசிரியர் எழுந்துபோய், சமவுயரக் கோடுகள் வரைந்த வரைபடத்தைப் பலகையில் ஒட்டினார். நிலம் சரிந்து, ஓரிடத்தில் கோடுகள் உள்வாங்கி வளைகின்றன. கண்மாயின் கரை சரியாக அந்த வளைவின் குறுக்கே பிறை வடிவில் கிடக்கிறது. கண்மாய்க்கு நான்கு புறமும் கரை கிடையாது. தாழ்ந்த பக்கத்தில்தான் கரை, மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். ‘நெளிஞ்ச எடத்துல தடுத்துருக்காங்க’ என்று இயற்பியல் படிக்கும் மாணவன் ஒருவன் மெதுவாகச் சொன்னான். ‘தட்டோர்’ என்பதற்கு அதைவிடச் சுருக்கமான உரையை நான் எழுத முடியாது. அந்த அரை மணி நேரத்தில் அவனைவிட அதிகமாகக் கற்றவள் நான்தான்.

அடுத்து உத்திரமேரூர். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள். ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுக்கும் குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. ஏரி வாரியத்துக்கு 6 பேர். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை என்ற விதியைக் கேட்டதும் வகுப்பில் கைதட்டல் எழும். ஒவ்வோர் ஆண்டும் எழுந்திருக்கிறது. வரலாற்று ஆசிரியர் அந்தக் கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்துவிட்டு, தகுதிகளைப் படிக்கத் தொடங்குவார். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும், அந்த ஊரோ பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரம்மதேயம். பிறகு அவர் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு அமர்ந்துவிடுவார்: “அந்த ஏரியில் மண் சுமந்தவர் பெயர் எந்தக் குடத்தில் போடப்பட்டது?” கல்வெட்டைப் பெருமைக்காக மட்டும் படிப்பவர்களுக்கு அவர்மேல் கோபம் வருவதுண்டு. பெருமைப்படக் கூடாது என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. பாதியோடு நிறுத்தக் கூடாது என்பதுதான் அவர் கட்சி.

குடிமராமத்தைப் பொருளியல் ஆசிரியர் எடுத்தார். ஊர்மக்கள் தாமே கூடித் தம் கண்மாயைப் பராமரித்த வழக்கம் என்று அதற்கு இன்று ஒரு பொன்னிறம் பூசப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2017-இல் மீண்டும் தொடங்கிய சீரமைப்புத் திட்டத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தது. ஆனால் சென்னை மாகாணத்தில் 1858-இல் கொண்டுவரப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ள அபாயக் காலத்தில் ஆட்களை வேலைக்கு இழுப்பதோடு, பாசனப் பணிகளில் வழக்கமான உழைப்பைத் தராதவர்களிடமிருந்து அதை வற்புறுத்திப் பெறவும் வழிசெய்தது. ‘வழக்கமான உழைப்பு’ என்பதை யார் வழக்கமாகச் செய்தார்கள் என்று அவர் கேட்டபோது, அதுவரை ஒரு வார்த்தையும் பேசாத பி.காம். மாணவி ஒருத்தி எழுந்தாள்.

“எங்க தாத்தா நீர்பாய்ச்சிங்கம்மா. மடை தொறக்குறது, அடைக்குறது, ராத்திரில கரையைச் சுத்தி வர்றது எல்லாம் அவருதான். எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணின்னு அவருக்குத்தான் தெரியும். களத்துல அறுப்பு முடிஞ்சதும் கதிர்க்கட்டு குடுப்பாங்க. ஆனா அந்த ஆயக்கட்டுல எங்களுக்கு ஒரு சென்ட் நெலம் கெடையாது.”

நீர்பாய்ச்சி, மடைக்காரர், நீர்க்கட்டி என்று ஊருக்கு ஒரு பெயர். பல ஊர்களில் இந்த வேலை பட்டியலினக் குடும்பங்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. நிலம் இல்லாதவரிடம் பங்கீட்டை ஒப்படைப்பது ஒரு வகையில் நியாயமான ஏற்பாடு, அவருக்குச் சொந்த வயல் இல்லாததால் ஓரவஞ்சனைக்கு இடமில்லை என்று பொருளியல் ஆசிரியர் ஒரு விளக்கம் சொன்னார். அந்தப் பெண் உடனே, “அப்ப அவருக்கு நெலம் இருந்திருந்தா வஞ்சகம் பண்ணிருப்பாருன்னு சொல்றீங்களா சார்?” என்றாள். வகுப்பு அன்று மணி அடித்த பிறகும் முடியவில்லை. 1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடு நகரில், தீண்டத்தகாதவர் எனப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தியதைப் பற்றி வரலாற்று ஆசிரியர் சொன்னார். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்ட செய்தி வெளிவந்த பிறகு, அடுத்து வந்த மாணவர்கள் அந்தப் பாடத்தைத் தாங்களாகவே அங்கிருந்துதான் தொடங்கினார்கள். சுற்றுச்சூழல் கல்வியை எல்லாரும் கட்டாயம் படிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல், எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சொன்னது. அதன் வழியாக வந்த பாடநூலிலும் நீர் உண்டு. நீர்ச் சுழற்சியின் படம் உண்டு, பூமியில் நன்னீர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு உண்டு. அந்த நீரில் சாதி இல்லை. அதனாலேயே அதைப் படித்தவர் எவருக்கும் எந்தக் கண்மாயும் நினைவுக்கு வருவதில்லை என்று நினைக்கிறேன்.

நாங்கள் புதிய வழி எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில், சின்னாளப்பட்டியை ஒட்டி இருக்கிறது காந்திகிராமம். டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய அந்த நிலையத்தில் 1956-இல் கிராமிய உயர்கல்வி நிறுவனம் தொடங்கியது. மாணவர்கள் கிராமத்திலேயே தங்கிப் படித்துப் பணிசெய்யும் முறை அங்கே பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருந்துவந்திருக்கிறது. கலைப்புலப் படிப்பு ஊருக்குள் போக வேண்டும் என்பதை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய தேவை எங்கள் வட்டாரத்துக்கு இல்லை. பக்கத்து ஊரைப் பார்த்தாலே போதும்.

வாசிப்புக்குப் பிறகு அதே ஊருக்குப் போனோம். இம்முறை ஆளுக்கு ஒரு நோட்டும் பேனாவும் மட்டும். ஆனால் கேள்விகள் தப்பானவை. கண்மாய் ஏன் நிரம்புவதில்லை, ஆக்கிரமித்தவர்கள் யார், இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டு போனார்கள் பிள்ளைகள். டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பதில் சொன்ன ஒன்றிரண்டு பேரும் “எல்லாம் அரசியல் தம்பி” என்பதோடு முடித்துக்கொண்டார்கள். ஒரே ஊரில் பக்கத்து வீட்டுக்காரனைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கச் சொல்லும் கேள்விக்கு வேறு எப்படிப் பதில் வரும்?

நீர்பாய்ச்சியின் பேத்திதான் வழியை மாற்றினாள். அவள் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, “ஆத்தா, மறுகால் கடைசியா எப்ப பாஞ்சுச்சு?” என்று ஒரு கிழவியிடம் கேட்டாள். அவ்வளவுதான். அந்தக் கிழவி சொல்லத் தொடங்கி, எதிர் வீட்டுக்காரி மறுத்து, அவள் கணவர் வந்து இருவரையும் திருத்தி, சற்று நேரத்தில் அந்தத் திண்ணையில் பதினைந்து பேர். மறுகால் பாய்ந்த ஆண்டை ஊரில் யாரும் எண்ணாக நினைவில் வைத்திருப்பதில்லை. “மூத்தவளைக் கட்டிக்குடுத்த வருசம்”, “எம்.ஜி.ஆர். செத்ததுக்கு முந்தின தீபாவளி” என்று சொன்னார்கள். இந்திரா காந்தி இறந்த ஐப்பசியில் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது என்பதில் மட்டும் எல்லாரும் ஒருமித்தார்கள். பேருந்து ஓடாததால் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வந்த ஒருவர், முழங்கால் அளவு மறுகால் நீரைக் கடந்துதான் வீடு வந்து சேர்ந்திருந்தார். மாணவர்கள் இவற்றையெல்லாம் எழுதிவந்து, திருமணப் பத்திரிகைகளையும் பள்ளிச் சான்றிதழ்களில் உள்ள பிறந்த தேதிகளையும் கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆண்டு குறித்தார்கள். அந்த நோட்டுக்கு ‘மறுகால் பதிவேடு’ என்று பெயர் வைத்தோம். கோடு போட்ட நூறு பக்க நோட்டு, பழுப்பு அட்டை.

புவியியல் ஆசிரியர் அந்தப் பதிவேட்டை வட்டார மழையளவுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உருப்படியான ஒன்று கிடைத்தது. முன்பெல்லாம் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மறுகால் பாய்ந்திருக்கிறது, பொய்த்த ஆண்டுகளில் பாயவில்லை. ஓர் இடத்துக்குப் பிறகு இந்தப் பொருத்தம் அறுந்துபோகிறது. அதன் பின் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் மறுகால் இல்லை. ஆக, மழையைக் குறை சொல்வதற்கில்லை. சீமைக்கருவேலம் அதற்கு முன்பிருந்தே உள்வாயில் இருந்ததால், அதைக் குறை சொல்வதற்கும் இல்லை. நாங்கள் முதலாண்டில் அரிவாளோடு போய் வெட்டியது குற்றவாளியையே அல்ல என்று தெரிந்தபோது ஏற்பட்ட கூச்சத்தை எப்படிச் சொல்வது?

பொருத்தம் அறுந்த காலமும் நான்குவழிச் சாலை உயர்த்திப் போடப்பட்ட காலமும் ஒன்றாக இருந்தன. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் அந்தச் சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலத்தின் வழியாக வருகிறது. இயற்பியல் மாணவனின் தந்தை கொத்தனார். அவர்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும், நீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூபை அவன் வீட்டிலிருந்து எடுத்து வந்தான். டியூபின் ஒரு முனையை வாய்க்காலின் தரையருகேயும் மறுமுனையைப் பாலக் குழாயின் வாயருகேயும் பிடித்து அளந்ததில், குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிடக் கிட்டத்தட்ட ஒரு முழம் உயரத்தில் இருந்தது. பெருமழையில் நீர் ஏறிக் குழாய்க்குள் புகும். சாதாரண மழை நீர் அங்கேயே தேங்கிச் சாலையோரப் பள்ளத்தில் வழிந்து வேறு பக்கம் போய்விடும். ஊரில் பலருக்கு இது அரைகுறையாகத் தெரிந்தே இருந்தது. ஆனால் கிழவியின் நினைவு, மழைக் கணக்கு, கொத்தனார் டியூப் ஆகிய மூன்றும் ஒரே மேசைமேல் அதுவரை வந்ததில்லை.

இந்த இடத்தில் முடித்தால் நல்ல கதையாக இருக்கும். கருத்தரங்குகளில் நான் சொல்லும்போது இங்கேதான் முடிப்பதும் வழக்கம். வலைப்பதிவில் அந்த வசதியை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மாணவர்கள் மனு எழுதினார்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதாகத் திட்டம். முதல் வரைவில், குழாய்ப் பாலத்தைத் தாழ்த்த வேண்டும், மறுகால் ஓடையில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்று இரண்டு கோரிக்கைகள். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தை மேற்கோள் காட்டியிருந்தார்கள். வரைவை வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது முதலாண்டு மாணவன் ஒருவன், அந்த ஓடையில் இருக்கும் இருபத்து சில வீடுகளில் ஒன்று தன் அத்தையுடையது என்றான். பதினைந்து ஆண்டுகளாக மறுகால் பாயாத ஓடையைப் பிளாட் போட்டு ஒருவர் விற்றிருக்கிறார். வாங்கியவர்கள் சித்தாள் வேலைக்கும் பாத்திரக்கடை வேலைக்கும் போகிறவர்கள். மின் இணைப்பு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது, பட்டா மட்டும் இல்லை. நாங்கள் கேட்பதுபோல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால், அந்த நீர் அவன் அத்தையின் அடுப்பங்கரை வழியாகத்தான் போகும்.

அதன்பின் மூன்று வாரங்கள் ஒரே ஒரு சொல்லில் கழிந்தன. ‘ஆக்கிரமிப்பாளர்கள்’ என்று எழுதுவதா, ‘மறுகால் ஓடையில் குடியிருப்போர்’ என்று எழுதுவதா? பொருளியல் மாணவர்கள் சட்டத்தின் சொல்லையே பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் மனு நிற்காது என்றார்கள். ஓடையில் வீடு கட்டியவரும் கண்மாய்க்குள் திருமண மண்டபம் கட்டியவரும் எப்படி ஒரே சொல்லுக்குள் அடங்குவார்கள் என்று தமிழிலக்கிய மாணவி ஒருத்தி கேட்டாள். ‘புறம்போக்கு’ என்ற சொல் நில வகையிலிருந்து வசவாக மாறிய கதையை நான் சொன்னேன். விற்றவரைப் பற்றி மனுவில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று அந்த முதலாண்டு மாணவன் கேட்டபோது எல்லாரும் வாயடைத்துப்போனார்கள். வெளியாட்கள் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், ஒரு கண்மாய் வறண்டு கிடக்கும்போது இவர்கள் ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் சண்டை போடுகிறார்களே என்று நினைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால் இந்தத் தாள் செய்த வேலையிலேயே மிகவும் பயனுள்ளது அந்த மூன்று வாரச் சண்டைதான். மனுவில் எந்தச் சொல் போகிறதோ அந்தச் சொல்லைத்தான் வட்டாட்சியர் அலுவலகம் எடுத்துக்கொள்ளும். நோட்டீஸில் அதுவே வரும். புல்டோசரும் அந்தச் சொல்லின் பின்னால்தான் வரும்.

இறுதியில் கோரிக்கைகளின் வரிசை மாறியது. முதலில் மறுகால் ஓடையின் அகலத்தை அளந்து, எத்தனை வீடுகள் உண்மையிலேயே நீர்ப்பாதையில் உள்ளன என்று கணக்கெடுக்க வேண்டும். அக்குடும்பங்களுக்கு மாற்று மனை கொடுத்த பிறகே பாலத்தில் கைவைக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் இதை விரும்பவில்லை. “தண்ணியைக் கொண்டாரச் சொன்னா, நீங்க வீடு கட்டிக் குடுக்கச் சொல்றீகளே” என்று எங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார்கள். ஓடைக்காரர்களுக்கும் முழுத் திருப்தியில்லை. மனு கொடுத்தோம். ரசீது வந்தது. சில மாதங்களுக்குப் பின், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. இதை எழுதும் இன்று வரை பாலம் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக மதிப்பெண் 25, பருவத் தேர்வு 75 என்பதுதான் எங்கள் முறை. எழுத்துத் தேர்வு இல்லாமல் கிரெடிட் கிடையாது. ஓராண்டு வெளியாசிரியர் ஒருவர் அமைத்த வினாத்தாளில் ‘கண்மாயின் உறுப்புகளைப் படத்துடன் விவரி’ என்று 10 மதிப்பெண் வினா வந்தது. கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய் என்று எல்லாரும் எழுதினார்கள். நீர்பாய்ச்சியின் பேத்தி மட்டும் ஆறாவது உறுப்பாகத் தன் தாத்தாவை எழுதி, மடைமேல் ஓர் ஆள் நிற்பதுபோலப் படமும் வரைந்திருந்தாள். மதிப்பிட்டவர் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் தரவில்லை. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். கட்டணம் அதிகம் என்று மறுத்துவிட்டாள். இப்போது மேலூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருக்கிறாள்.

கற்றல் விளைவுகள் கட்டத்தை இந்த ஆண்டு திருத்தி அனுப்பியிருக்கிறேன். ‘சீரமைப்பர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘பதிவேட்டைத் தொடர்வர்’ என்று எழுதினேன். இது அளவிடக்கூடிய விளைவா என்று குழுவிலிருந்து குறிப்பு வந்திருக்கிறது; பதில் இன்னும் அனுப்பவில்லை. பதிவேடு இப்போது மூன்றாவது நோட்டில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் கார்த்திகை பிறந்ததும் ஊருக்குப் போய் எழுதி வருகிறார்கள்.

சென்ற கார்த்திகையில் பருவத் தேர்வுப் பணியால் எங்களால் போக முடியவில்லை. ஒருநாள் மாலை, முதலாண்டில் கரையில் சைக்கிளை நிறுத்தி எங்களைத் திட்டிய அதே பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பின்னணியில் மழைச் சத்தம் கேட்டது. “டீச்சரம்மா, மறுகால் பாயலை. ஆனா மூணாவது மடைக்கல்லு வரைக்கும் தண்ணி ஏறிருச்சு. நோட்டுல எழுதிக்கிருங்க” என்றார். தேதியைக் கேட்டேன். அவர் யாரிடமோ கேட்டுவிட்டு, “சோமவாரம்” என்றார்.